கேலியும் ஓர் ஆட்ட விதி

ஊர்ப் பையன்கள் ஆடும் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டுக்கோ கபடிக்கோ மைக் செட் கட்டி, ஒருவர் கேலியும் கிண்டலுமாகச் சொல்லிக்கொண்டே போவதை நாம் பெரிதாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆட்டம் ஒரு பக்கம், மைக் பிடித்தவர் அடிக்கும் கூத்து இன்னொரு பக்கம் என்று பிரித்தே பார்க்கிறோம். கோப்பை யாருக்குப் போனது என்பது நினைவில் இருக்கும். அன்று முழுவதும் தொண்டை வறளப் பேசியவர் பெயர் பந்தல் பிரிப்பதற்குள் மறந்துபோகும். ஆனால் சம்பளம் இல்லாமல், பயிற்சியாளர் இல்லாமல், ஆசைக்காக மட்டுமே ஆடுகிறவர்களின் போட்டியில் இந்த வர்ணனை ஆட்ட விதிகளில் ஒன்றாகவே இயங்குகிறது என்பது என் வாதம். திறமையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உள்ள இருபத்திரண்டு பேரை ஒரே திடலில் நிறுத்தி, ஏன் வந்தோம் என்று ஒருவரும் நொந்துகொள்ளாதபடி வீட்டுக்கு அனுப்புகிற வேலையை அந்த எழுதாத விதிதான் செய்கிறது.

காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். கீழணையிலிருந்து வடவாறு வழியாக வரும் தண்ணீர் வீராணம் ஏரியை நிரப்ப, சம்பா நெல்லை நம்பி வாழும் பகுதி இது. தை மாதம் அறுவடை. ஆனால் அறுத்த வயல் சும்மா கிடப்பதில்லை. நெல் நிற்கும்போதே ஈரத்தில் உளுந்தையும் பயறையும் விதைத்துவிடுவது டெல்டா வழக்கம். அதனால் பொங்கல் விளையாட்டுகளுக்குப் பள்ளி மைதானமோ கோயில் திடலோ புறம்போக்கோதான் கதி. உளுந்து பறித்து முடிந்து, பங்குனி சித்திரை வெயிலில் களிமண் பாளம் பாளமாக வெடித்த பிறகு வயலே மைதானமாகிவிடும். அந்த வெடிப்பின் விளிம்பில் விழுந்த பந்து காலுக்குப் போகுமா காதுக்கு எழும்புமா என்று எந்த மட்டையாளருக்கும் தெரியாது. ஆடுகிறவர்களும் ஒரே தரத்தவர்கள் அல்ல. சிதம்பரத்தில் கல்லூரி அணிக்கு ஆடுகிற பையனோடு, வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர், காலையில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தவர், ஆள் குறைகிறது என்று சைக்கிளை நிறுத்தச் சொல்லி இழுத்து வரப்பட்டவர் என்று எல்லோரும் ஒரே அணியில் நிற்பார்கள். இப்படிப்பட்ட ஆட்டத்தில் திறமையை மட்டும் அளந்தால் இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். மற்ற இருபது பேருக்கு அங்கே என்ன வேலை என்ற கேள்விக்கு ஒவ்வொரு அமெச்சூர் விளையாட்டும் ஏதாவது ஒரு விடை கண்டாக வேண்டும்.

இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடையை எழுதி வைத்திருக்கும் ஆட்டம், நமக்குச் சற்றும் சம்பந்தமில்லாததாகத் தோன்றும் கோல்ஃப். கல்கத்தாவில் 1829இலேயே கோல்ஃப் கிளப் தொடங்கிவிட்டார்கள். சென்னையில் கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்குள்ளேயே ஜிம்கானா கிளப்காரர்கள் நெடுங்காலம் ஆடினார்கள். பதினெட்டுக் குழிகள் கொண்ட ஒரு மைதானத்துக்கு நூறு ஏக்கருக்குக் குறையாமல் நிலம் வேண்டும் என்பதைக் கேட்டால் வீராணத்துப் பாசன விவசாயி எத்தனை குடும்பத்து நெல் அது என்றுதான் கணக்குப் போடுவார். அது நியாயமான கணக்கு. ஆனாலும் அந்தப் பணக்கார ஆட்டத்தின் உள்ளே ஒரு பெருந்தன்மை இருக்கிறது. கிளப் போட்டிகளில் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆட்டத்தரத்துக்கு ஏற்ப ‘ஹேண்டிகேப்’ என்று ஓர் எண் உண்டு. பதினெட்டு ஹேண்டிகேப் உள்ளவர் தொண்ணூறு அடிகளில் ஆட்டத்தை முடித்தால் எழுபத்திரண்டு என்று கணக்கில் ஏறும். அதே நாளில் எழுபத்து மூன்று அடிகளில் முடித்த, சலுகை ஏதும் இல்லாத கெட்டிக்காரர் தோற்றுப்போவார். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற ஆங்கிலேய மருத்துவர் கொண்டுவந்து, 1932இல் வாலசி கிளப்பில் போட்டியாக நடத்தப்பட்ட புள்ளி முறை இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு குழியில் எவ்வளவு மோசமாகச் சொதப்பினாலும் அந்தக் குழிக்குச் சுழியம்தான், அதற்குமேல் தண்டனை இல்லை. அடுத்த குழியில் புதிதாகத் தொடங்கலாம். ஒரே ஒரு சறுக்கலுக்காக ஒருவர் பாதி ஆட்டத்தில் மனம் விட்டுவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். பலவீனத்தைச் சட்டப்படி அங்கீகரித்து அதற்கு ஓர் இடம் ஒதுக்குவதுதான் இரண்டு முறைகளுக்கும் அடிப்படை.

நம் திடலில் ஹேண்டிகேப் கிடையாது. போல்டு என்றால் போல்டுதான், சைக்கிளிலிருந்து இறங்கி வந்தவருக்கு இரண்டாம் வாய்ப்புத் தரப்படுவதில்லை. அந்தச் சமன்செய்யும் பொறுப்பை மைக் எடுத்துக்கொள்கிறது. அது எப்படி நடக்கிறது என்று கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். அடுத்தடுத்து மூன்று சிக்ஸர் அடித்தவரைப் பற்றி மைக் ஒரு வரியில் முடித்துக்கொள்ளும். பந்து எந்தக் கருவேல மரத்துக்குள் போனது, அதை எடுக்கப் போகிறவர் முள் குத்தாமல் திரும்புவாரா என்பதற்கு ஐந்து வரி ஒதுக்கும். பத்தாவதாக இறங்குகிறவருக்கு, ‘வந்துட்டாருய்யா நம்ம மாமா, பிடிச்ச பிடியைப் பாரு, மம்முட்டி பிடிச்ச கை, மண்ணை வெட்டாம விடாது’ என்கிற தினுசில் ஒரு முன்னறிவிப்பு கிடைக்கும். அவர் முதல் பந்திலேயே ஆட்டமிழந்தாலும் அவர் வந்ததும் நின்றதும் போனதும் நாலு தெருவுக்குக் கேட்டாகிவிட்டது. ஓட்டக் கணக்கில் அவர் பெயருக்கு நேரே சுழியம். ஊர்ப் பேச்சில் அன்று அவருக்கும் ஒரு பங்கு உண்டு. வலுத்தவனைச் சற்று இறக்கியும் இளைத்தவனைச் சற்று ஏற்றியும் கவனத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிற இந்த வேலையைத்தான் கோல்ஃப் கிளப்பில் எண் செய்கிறது. ரகளையைத் தணிப்பதிலும் மைக்குக்குப் பங்கு இருக்கிறது. இத்தகைய ஆட்டங்களில் பெரும்பாலும் மட்டை பிடிக்கும் அணியின் ஆளே நடுவராகவும் நிற்பார். ரன் அவுட் தகராறு அடிதடியாக மாறாமல் இருப்பதற்கு, தக்க நேரத்தில் மைக்கில் வந்து விழும் ஒரு கேலி பல சமயம் காரணமாகிறது.

கேலி எப்படி ஆளை ஏற்றும் என்று கேட்கலாம். சிரிப்பை ஆராய்வதில் தமிழுக்கு மிகப் பழைய அனுபவம் உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடமை. இந்த நான்கையும் திடலுக்குக் கொண்டுவந்தால் நல்ல வர்ணனை எதில் நிற்கிறது என்பது விளங்கும். பந்தைவிடச் சற்றே பெரிய சிறுவன் எல்லைக்கோட்டில் ஃபீல்டிங் செய்ய நிறுத்தப்பட்டு, பந்தோடு சேர்ந்து உருளும்போது வரும் சிரிப்பு இளமையால் வருவது. ஆட்ட விதி தெரியாமல் நோ பாலுக்குப் பெவிலியனைப் பார்த்து நடக்கிறவரைக் கண்டு சிரிப்பது பேதைமையால். உரைகாரர்கள் மடமைக்குச் சொல்லும் விளக்கம் நுட்பமானது: சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, பிடித்ததை விடாமல் இருப்பது. மூன்று வருடமாக ஒரே வீச்சாளரின் ஒரே மெதுப்பந்துக்கு ஒரே மாதிரி தூக்கி அடித்து ஒரே இடத்தில் பிடி கொடுப்பவரிடம் ஊர் காண்பது இந்த மடமையைத்தான். இந்த மூன்று சிரிப்பிலும் சிரிக்கிறவர் தன்னையும் சேர்த்தே சிரிக்கிறார், ஏனென்றால் இளமையும் பேதைமையும் மடமையும் யாரையும் விட்டுவைத்ததில்லை. மிஞ்சியிருப்பது எள்ளல். அதையும் உரைகாரர்களில் ஒருவரான பேராசிரியர் இரண்டாகப் பார்க்கிறார்: தான் பிறரை எள்ளி நகுவது, பிறர் தன்னை எள்ளும்போது தானே நகுவது. இரண்டாவதற்கு இடம் இருக்கும்வரை முதலாவதில் நஞ்சு ஏறாது. மைக் பிடித்தவர் தன் வழுக்கையையும் தான் போன வருடம் தவறவிட்ட பிடியையும் கேலி செய்துகொள்ளத் தெரிந்தவராக இருந்தால்தான் அவருக்குப் பிறரைக் கேலி செய்யும் உரிமை வருகிறது.

இந்த உரிமை நம் மண்ணில் புதிதாக முளைத்ததும் அல்ல. கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளின் தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்றொரு பாத்திரம் உண்டு. முதலில் அவன்தான் அரங்குக்கு வருவான். வேடம் கட்டி வரும் ராஜாவை நீ யார் என்று விசாரிப்பான், ராஜா பாடியதை ஊர் மொழியில் திருப்பிச் சொல்வான், நடுவே அந்த ஊர்ப் பஞ்சாயத்துச் சங்கதியையும் கோர்த்துவிடுவான். துரியோதனனை நேருக்கு நேர் நக்கலடிக்கும் உரிமை அவனுக்கு மட்டும் உண்டு. விடிய விடிய நடக்கும் பாரதக் கதை, பார்க்கிறவர்களுக்கு அன்னியமாகாமல் ஓடுவதற்கு அவனே காரணம். திடலில் மைக் பிடிக்கும் இளைஞர்கள் கூத்தைப் பார்த்துக் கற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் பலருக்குக் கிரிக்கெட் வர்ணனை வந்து சேர்ந்தது வானொலி, தொலைக்காட்சி வழியாகத்தான். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் வானொலியில் கிரிக்கெட்டைத் தமிழில் சொல்லி, கண்ணால் காணாத ஆட்டத்தைக் காதால் காண வைத்தார்கள். மட்டையாளர், எல்லைக்கோடு, பந்து வீச்சு என்று இன்று ஊர்த் திடலில் சரளமாக வந்து விழும் சொற்களைப் பரப்பியதில் அந்தக் குரல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் வானொலி வர்ணனையாளர் தன்னை மறைத்துக்கொண்டு ஆட்டத்தைக் காட்டினார். ஊர் வர்ணனையாளர் எல்லோர் கண்ணெதிரிலும் நடக்கிற ஆட்டத்தைச் சொல்கிறார். கண்ணுக்குத் தெரிவதையே திரும்பச் சொல்வதால் யாருக்கு என்ன பயன்? இந்த இடத்தில்தான் அவர் வானொலியை விட்டுக் கட்டியங்காரன் பக்கம் போகிறார். நடந்ததை அறிவிப்பது அவர் வேலையில் கால் பங்கு. ஆடுகிறவர் யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு, அவருக்கும் இந்தப் பந்துக்கும் என்ன பழைய பகை என்பதைச் சபைக்குச் சொல்லி ஆட்டத்தை ஊரோடு முடிச்சுப் போடுவது மீதி முக்கால் பங்கு.

தொழில்முறை வர்ணனையிலும் நகைச்சுவை உண்டே என்றால், உண்டு. அதன் எல்லை எங்கே என்பதற்கு 1999ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் நடந்த ஓப்பன் கோல்ஃப் நல்ல சான்று. கடைசிக் குழியை ஆறு அடிகளில் முடித்தாலே கோப்பை என்ற நிலையில் இருந்தார் பிரான்சின் ழான் வான் டி வெல்ட். பந்து குறுக்கே ஓடும் ஓடையில் விழுந்தது. அவர் காலணியைக் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நின்றார். பிபிசியில் பேசிக்கொண்டிருந்தவர் வேடிக்கைப் பேச்சுக்குப் பேர்போன பீட்டர் ஆலிஸ். யாராவது போய் இந்த மனிதரைத் தடுத்து, ஒரு கோப்பை பிராந்தி கொடுத்துத் துடைத்துவிடக் கூடாதா என்ற பொருளில் அவர் பேசியது சிரிப்பாகவும் மன்றாட்டாகவும் ஒரே நேரத்தில் ஒலித்தது. வான் டி வெல்ட் ஏழு அடிகள் எடுத்து, அதன்பின் நடந்த சமன்முறி ஆட்டத்தில் பால் லாரியிடம் தோற்றார். ஆலிஸின் அந்தப் பேச்சிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது: கேலி செய்கிறவர், கேலிக்கு ஆளானவர் கரையேற வேண்டும் என்று உள்ளூர விரும்ப வேண்டும். ஆனால் ஆலிஸ் என்ன விரும்பினாலும் உலகமே பார்த்த அந்தச் சறுக்கல் வான் டி வெல்ட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊர் ஆட்டத்தில் அந்தக் கனம் இல்லை. அங்கே தோல்விக்கு ஆயுள் ஒரு டீ குடிக்கும் நேரம்தான். அதனால்தான் அமெச்சூர் திடல் கேலியைத் தாங்குகிறது, பெரிய அரங்கு தாங்குவதில்லை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை மூன்று. முதலாவது இரைச்சல். கோல்ஃபில் ஒருவர் அடிக்க நிற்கும்போது மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது, ஆட்டத்துக்குரிய கவனம் என்றால் அதுதான் என்பார்கள். நம் திடலில் கூம்பு ஸ்பீக்கர் அலறுகிறது, அக்கம்பக்கத்தில் பிளஸ் டூ தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை காதைப் பொத்திக்கொள்கிறது. இந்தக் குற்றச்சாட்டில் பாதி முழு நியாயம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. தேர்வுக் காலமும் ஆட்டக் காலமும் பங்குனியில் மோதுகின்றன என்பதும் உண்மை. ஆனால் இது சத்தத்தின் அளவைப் பற்றிய புகார், பேச்சைப் பற்றியது அல்ல. நல்ல வர்ணனைக்குத் திடலின் நான்கு ஓரங்களுக்கு எட்டும் குரல் போதும். அடுத்த ஊருக்குக் கேட்க வேண்டும் என்ற ஆசை நன்கொடையாளர் பெயரை வாசிப்பதற்குத்தான் தேவைப்படுகிறது, கேலிக்குத் தேவைப்படுவதில்லை.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிட ஆழமானது. கேலி எல்லோர்மீதும் ஒரே மாதிரி விழுவதில்லை என்பது அது. இளைத்தவனைத் தூக்கிவிடுவதாகச் சொல்லும் சிரிப்பு, பல ஊர்களில் இளைத்தவனை அவன் இடத்திலேயே இருத்தி வைக்கும் சிரிப்பாகவும் இருந்திருக்கிறது. தீண்டாமையைப் பற்றி விரிவாக விசாரித்து 1969இல் அறிக்கை தந்த குழுவின் தலைவர் எல். இளையபெருமாள் இதே காட்டுமன்னார்கோயில் மண்ணிலிருந்து வந்தவர். தெருவும் திடலும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இங்கே ஏட்டுக் கேள்வி அல்ல. தமிழரசன் பச்சமுத்து இயக்கி 2024இல் வந்த ‘லப்பர் பந்து’ படத்தில் நன்றாக ஆடத் தெரிந்தும் சாதியால் அணிக்கு வெளியே நிறுத்தப்படுகிறவனின் கதையைப் பார்த்தோம்; பார்த்தவர்கள் எவரும் இது எங்கேயும் நடக்காது என்று சொல்லவில்லை. அணியிலேயே இடம் கிடைக்காதவனுக்கு மைக் எங்கிருந்து கிடைக்கும்? ஒரு தெருவின் ஆட்களே எப்போதும் பேசி, இன்னொரு தெருவின் ஆட்களே எப்போதும் கேலிக்கு ஆளானால் அங்கே நடப்பது சமன்செய்தல் ஆகாது, ஆதிக்கத்துக்குச் சிரிப்பு முகமூடி போடுவதுதான். பெண்கள் நிலைமையும் இதே. திடலோரம் அவர்கள் நின்றால் மைக்கின் தொனி மாறுவதும், அந்த மாற்றம் பல நேரம் முகம் சுளிக்க வைப்பதும் மறைக்க முடியாதவை. இந்த ஆட்சேபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இதிலிருந்து வர வேண்டிய முடிவு மைக்கைப் பிடுங்குவது ஆகாது. ஹேண்டிகேப் எண்ணை ஏமாற்றிப் போட்டுக்கொள்ளும் கோல்ஃப்காரர்கள் உண்டு. அதற்காக அந்த முறையை யாரும் ஒழிக்கவில்லை, கணக்கைப் பலர் பார்க்கும்படி வைத்தார்கள். மைக் எல்லாத் தெருவின் கைக்கும் போக வேண்டும். இன்று கேலி செய்தவர் நாளை மட்டையோடு நிற்கும்போது, இன்று கேலிக்கு ஆளானவர் கையில் மைக் இருக்க வேண்டும். பேராசிரியர் சொன்ன இரண்டாம் எள்ளலுக்கு அப்போதுதான் வழி பிறக்கும்.

மூன்றாவது ஆட்சேபம் இக்காலத்தது. இப்போது பரிசுத் தொகை பெருகிவிட்டது. மைக்கில் பாதி நேரம் முதல் பரிசு வழங்குபவர், இரண்டாம் பரிசு வழங்குபவர், சாமியானா உபயம் என்ற பட்டியலே ஓடுகிறது. மீதி நேரம் யூடியூப் நேரலைக்காகப் பேசப்படுகிறது. பிறகு வர்ணனை எங்கே இருக்கிறது என்கிறார்கள். நன்கொடைப் பட்டியலை நான் மன்னித்துவிடுவேன். பந்து வாங்கவும் சோறு போடவும் காசு வேண்டும், கொடுத்தவர் பெயரைச் சொல்வது முறைதான். நேரலைதான் கவலைக்குரியது. ஊர்க் கேலி தாங்கக்கூடியதாக இருப்பதற்குக் காரணம், பேசியவரும் பேச்சுக்கு ஆளானவரும் சாயங்காலம் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாக வேண்டும் என்பது. அந்த நெருக்கமே நாக்குக்குக் கடிவாளம். பெயர் தெரியாத ஊரில், முகம் தெரியாதவர் முப்பது வினாடித் துணுக்காக வெட்டிப் பார்க்கும்போது அந்தக் கடிவாளம் அறுந்துபோகிறது. மாமா என்ற உறவுச்சொல் மறைந்து, மட்டை பிடிக்கத் தெரியாத ஓர் ஆள் மட்டும் திரையில் மிஞ்சுகிறார். நேரலை கூடாது என்று தடுப்பது நடக்கிற காரியமில்லை. ஆனால் கேலியைத் துணுக்காக வெட்டிப் போடுவதற்கு முன் அதற்கு ஆளானவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நடக்கிற காரியம்.

ஆகவே போட்டி நடத்தும் கமிட்டிகளுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். நடுவருக்கு விதி வைத்திருப்பதுபோல மைக்குக்கும் விதி வையுங்கள். பிறப்பையும் உடலையும் குடும்பத்தையும் தொடாத கேலிக்கு மட்டும் இடம் என்பது முதல் விதி. ஆட்டத்துக்கு ஓர் ஆள், அதிலும் தெருவுக்குத் தெரு மாறி வரும் ஆள் என்பது இரண்டாவது. பெண்களும் மைக் பிடிக்க வேண்டும் என்பது மூன்றாவது. ஆட்ட நாயகனுக்கும் சிறந்த பந்து வீச்சாளருக்கும் கோப்பை வாங்கும்போது, காலையிலிருந்து மாலைவரை எல்லோரையும் ஊர்க்காரராகவே வைத்திருந்த அந்தக் குரலுக்கும் பெயர் சொல்லி ஒரு கோப்பை கொடுங்கள்.